எந்த மட்டத்தில் வைத்து அளந்தீர்கள்?

போன இதழில் டயருக்குக் காற்று அடிப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பிரஷர்தான். உடம்பில் பிரஷர், கடலில் பிரஷர், புயலில் பிரஷர். அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் அதற்கே. மண்டபம் பக்கத்துப் பள்ளியில் பல வருஷம் இயற்பியல் எடுத்தவள் நான். “பிரஷர் எவ்வளவு?” என்று யார் கேட்டாலும் “எதோடு ஒப்பிட்டு? எந்த மட்டத்தில் வைத்து அளந்தது?” என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். இதற்குப் பதில் தெரியாத வரை கையில் இருப்பது வெறும் எண். கீழே வரும் கேள்விகளுக்கும் அப்படியேதான் பதில் சொல்லப் போகிறேன்.

டீச்சர், எங்க உம்மாவுக்கு வயது 61. கிளினிக்கில் பி.பி. 158/94 என்றார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டு மெஷினில் 138/84 காட்டியது. மறுநாள் மச்சான் வாங்கி வந்த மணிக்கட்டு மெஷினில் 152. எதை நம்புவது? மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா?
— வாசகி, கீழக்கரை

இந்த எண்கள் எதைச் சொல்கின்றன என்பதிலிருந்து தொடங்குவோம். 120 என்றால் 120 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிறுத்தும் அழுத்தம். பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். ஆகவே அதே அழுத்தம் தண்ணீரை 163 செ.மீ. உயரத்துக்குத் தாங்கும். வகுப்புச் சுவரில் அந்த உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போடுவேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் டியூபில் சாயத் தண்ணீரை நிரப்பி, மேல் முனையை ஒரு பையன் அந்தக் கோடு வரை தூக்கிப் பிடிப்பான். கீழ் முனையை இன்னொரு பிள்ளை தரையோரம் விரலால் அடைத்திருக்கும். விரல் கொஞ்சம் தளர்ந்தாலும் போதும், தண்ணீர் பீய்ச்சி யூனிபார்மை நனைத்துவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் இருதயம் தமனியில் ஏற்றும் அழுத்தம் அவ்வளவு என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியே இருக்காது.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதை ரத்தத்தை வைத்தே பார்த்தார். ஒரு பெண் குதிரையின் தமனியில் நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகினார். ரத்தம் இருதயத்தின் மட்டத்துக்கு மேல் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். “இருதயத்தின் மட்டத்துக்கு மேல்” என்று அவர் அன்றைக்கே குறித்து வைத்ததை வகுப்பில் அடிக்கோடு போட்டுச் சொல்வேன். உங்கள் உம்மாவின் மூன்று எண்களில் குழப்பத்தின் பெரும்பகுதி அந்த மட்டத்தில்தான் இருக்கிறது.

ரத்தமும் ஒரு திரவம். கீழே போகப் போக அழுத்தம் கூடும். பட்டை கட்டிய இடம் இருதயத்தை விட 10 செ.மீ. கீழே இருந்தால் எண்ணில் சுமார் 8 மி.மீ. கூடிவிடும். மணிக்கட்டு மெஷினைக் கட்டிக்கொண்டு கையை மடியில் போட்டிருந்தால் அது 20 செ.மீ.க்கும் கீழே. 15, 16 மி.மீ. சும்மாவே ஏறிவிடும். 152 அப்படி வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கையை மேசையில் வைத்து, பட்டை நெஞ்சின் நடு மட்டத்துக்கு வரும்படி செய்தால் இந்தப் பிழை போய்விடும். அதற்குத் தலையணை ஒன்று இருந்தால் போதும்.

அடுத்தது பட்டையின் அளவு. பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் கூடுதலாகத்தான் காட்டும். பட்டைக்குள் இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் ஐந்தில் நான்கு பங்காவது சுற்றி வர வேண்டும். கிளினிக்கில் எந்தப் பட்டை கட்டினார்கள் என்று கேளுங்கள், கேட்பதில் தவறே இல்லை. அதோடு, வெயிலில் நடந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்த உடனேயே, பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கையை நீட்டினால் யாருக்கும் எண் ஏறும். சிறுநீரை அடக்கிக்கொண்டு இருப்பதும், கால் மேல் கால் போட்டு உட்காருவதும் ஏற்றும். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பே டீ, காபி குடித்து முடித்திருக்க வேண்டும்.

மெஷின்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. பட்டையைக் கட்டி காற்றை ஏற்றும் முறையை இத்தாலிக்காரர் ரீவா ரோச்சி 1896-இல் கொண்டுவந்தார். அவர் நாடியைத் தொட்டுத்தான் பார்த்தார், அதனால் மேல் அளவு மட்டும் கிடைத்தது. 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் முழங்கை மடிப்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டை இறுகியிருக்கும்போது தமனி மூடிக் கிடக்கும், சத்தமே இருக்காது. காற்றை விநாடிக்கு 2, 3 மி.மீ. வீதம் மெல்ல இறக்கும்போது, மூடிய தமனியை ரத்தம் முதன்முதலாகத் தள்ளித் திறக்கும் நொடியில் ‘டக்’ என்று ஒரு தட்டல் கேட்கும். அது மேல் அளவு. தட்டல்கள் தொடர்ந்து, மங்கி, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். அது கீழ் அளவு. அவசரப்பட்டு காற்றை ‘புஸ்’ஸென்று இறக்கினால் முதல் தட்டல் தப்பிவிடும், எண்ணும் தப்பாகும். டிஜிட்டல் மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் ஏற்படும் அதிர்வைப் பார்த்துக் கணக்குப் போட்டு இரண்டு எண்ணையும் தருகிறது. நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பிசகலாம்.

உம்மாவுக்கு இப்போது செய்ய வேண்டியது இது. மேல்கையில் கட்டும் மெஷினை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், காலையும் மாலையும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டிரண்டு தடவை அளந்து நோட்டில் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அது உயர் ரத்த அழுத்தக் கணக்கு. கிளினிக்கில் அந்தக் கோடு 140/90. நோட்டோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை தேவையா என்பதை அவர் சொல்லட்டும். ஒரு எண்ணைப் பார்த்து மாத்திரையைத் தொடங்குவதும் இன்னொரு எண்ணைப் பார்த்து நிறுத்துவதும் வேண்டவே வேண்டாம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். அவர்கள் வரும்போது இந்த நோட்டைக் காட்டலாம். ஆனால் எண் 180/120-க்கு மேல் இருந்து, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ கை கால் தளர்ச்சியோ வந்தால் நோட்டும் கணக்கும் வேண்டாம், உடனே 108.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு நாளைக்கு எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் கரையில் கருவாடு இல்லாத வீடு கிடையாது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். அந்தக் குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம். ஊறுகாயும் அப்பளமும் அன்றைக்கு இலைக்கு வர வேண்டாம்.

காற்று ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் எடையால் அழுத்துகிறது என்று பாடத்தில் வருகிறது. பிறகு நாம் ஏன் நசுங்கவில்லை?
— பிளஸ் ஒன் மாணவன், தொண்டி

உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால், தம்பி. நுரையீரலிலும் காதுக்குள்ளும் இருக்கும் காற்று வெளிக் காற்றோடு சமமாக இருக்கிறது. ரத்தமும் தசையும் தண்ணீரைப் போல, அழுத்தினால் சுருங்காது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் உடம்புக்கு எதுவும் தெரியாது. வித்தியாசம் வந்தால்தான் தெரியும். மேலே பார்த்த பி.பி. எண்ணும் வித்தியாசம்தான். 120 என்றால் வெளிக் காற்றை விட 120 கூடுதல். வெளிக் காற்றின் 760-ஐயும் சேர்த்தால் தமனிக்குள் இருப்பது 880. அந்த 760-ஐ நாம் எப்போதும் கழித்துவிட்டே பேசுகிறோம்.

இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லி 1644-இல் எழுதிய ஒரு கடிதத்தில் நாம் காற்றுக் கடலின் அடியில் மூழ்கி வாழ்கிறோம் என்றார். தொண்டியில் பிறந்த உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்க அம்மா பாசி எடுக்கப் போறவங்க. ஒண்ணரைப் பாகம், ரெண்டு பாகம் தண்ணிதான். ஆனா காது வலின்னு ராத்திரி தூங்குறதில்லை. எண்ணெய் காய்ச்சி ஊத்துறாங்க. ஆழம் கம்மிதானே, ஏன் இப்படி வலிக்குது?
— வாசகி, பாம்பன்

மகளே, இந்தக் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். முதலில் எண்ணெயை நிறுத்தச் சொல்லுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் எண்ணெய் நேரே உள்ளே போய் நிலைமையைக் கெடுக்கும்.

‘ஆழம் கம்மி’ என்ற நினைப்புதான் ஆபத்து. ஒரு பாகம் என்பது கிட்டத்தட்ட 1.8 மீட்டர். அவ்வளவு கடல்தண்ணீர் ஏற்றும் அழுத்தம் சுமார் 135 மி.மீ. பாதரசம். ஒரு பாகம் இறங்கிய உடனேயே, நல்ல ஆரோக்கியமான ஆளின் மேல் பி.பி.யை விடக் கூடுதலான அழுத்தம் செவிப்பறையின் வெளிப்பக்கத்தில் ஏறிவிடுகிறது. செவிப்பறையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உள்பக்கத்திலும் அதே அளவு ஏறாவிட்டால் அது உள்நோக்கி வளையும், வலிக்கும், ரத்தம் கட்டும், கடைசியில் கிழியும்.

உள்பக்கத்தைச் சமமாக்க ஒரு வழி உடம்பிலேயே இருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. எச்சில் விழுங்கும்போது அது திறக்கும். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினாலும் திறக்கும். காதில் ‘டப்’பென்று கேட்டால் காற்று போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 90 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் அந்தக் குழாயின் வாய் அமுங்கி இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. 90 மி.மீ. என்பது ஒரு பாகம்கூட இல்லை, சுமார் 1.2 மீட்டர், நெஞ்சளவுத் தண்ணீர். ‘வலிச்சா ஊதிக்கலாம்’ என்று இருப்பவர்களுக்கு ஊதும்போது வழி ஏற்கெனவே அடைத்துப் போயிருப்பது இதனால்தான். தலை தண்ணீருக்குள் போகும்போதே ஒருமுறை, பிறகு ஒவ்வொரு முழத்துக்கும் ஒருமுறை, வலி வருவதற்கு முன்பே ஊத வேண்டும். திறக்கவில்லை என்றால் முக்கி முக்கி ஊதக் கூடாது. கொஞ்சம் மேலே வந்து மறுபடி பார்க்க வேண்டும். சளி பிடித்திருக்கும் நாளில் அந்தக் குழாய் வீங்கி இருக்கும். அன்றைக்குக் கடலுக்குள் இறங்காமல் இருப்பதே நல்லது. ஒரு நாள் பாசி போனால் கூலி போகும், எனக்குத் தெரியும். காது போனால் சீசனே போய்விடும் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அதிகமான மாற்றம் மேல்மட்டத்திலேயே நடந்துவிடுகிறது. கடலின் மேல்மட்டத்தில் ஒரு பங்கு காற்றழுத்தம் என்றால், 10 மீட்டரில் இரண்டு பங்கு, 20 மீட்டரில் மூன்று பங்கு. மூடிய காற்று முதல் 10 மீட்டரிலேயே பாதியாகச் சுருங்கும். அடுத்த 10 மீட்டரில் பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாகத்தான் குறையும். சங்கு குளிக்க ஆழத்துக்குப் போகிறவரை விட, மேலும் கீழுமாக நாள் முழுக்க இரண்டு பாகத்தில் முங்கி எழும் உங்கள் அம்மாவின் காது அதிகமான ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது.

விரலில் துணி சுற்றி, கண்ணாடி போட்டுத்தானே போகிறார்கள்? அந்தக் கண்ணாடி கண்ணை மட்டும் மூடுகிறதா, மூக்கையும் சேர்த்து மூடுகிறதா என்று பாருங்கள். கண்ணை மட்டும் மூடுவதாக இருந்தால் உள்ளே சிக்கிய காற்றுக்குப் புதுக் காற்று சேர வழி இல்லை. வெளி அழுத்தம் ஏறும்போது அது கண்ணை உறிஞ்சி இழுக்கும். வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பு வருவது அதனால்தான். மூக்கையும் மூடும் மாஸ்க் என்றால் மூக்கால் கொஞ்சம் ஊதிச் சமமாக்கிக்கொள்ளலாம். காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ வைத்து முங்கவே கூடாது. அடைப்பானைத் தண்ணீர் உள்ளே தள்ளும்.

காதிலிருந்து நீரோ ரத்தமோ வந்தால், கேட்பது மந்தமானால், தலை சுற்றினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டும் வரை இறங்க வேண்டாம். கிழிந்த செவிப்பறை வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் தலை கிறுகிறுத்து மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய்விடும். தண்ணீருக்குள் அந்த நிலை வந்தால் உயிருக்கே ஆபத்து.

கம்ப்ரசர் காற்றை ஹோஸில் இழுத்துக் குளிப்பவர்கள் உங்கள் தெருவில் இருந்தால் அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். மூச்சடக்கி முங்குபவருக்கு இல்லாத இரண்டு ஆபத்து அவர்களுக்கு உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். இரண்டாவது, அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக ஏறினால் குமிழாகப் பொங்கி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். எவ்வளவு நிதானமாக ஏற வேண்டும் என்று பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் ஹால்டேன் 1908-லேயே அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அறிவு நம் கரைக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லையே என்ற வருத்தம் எனக்கு ஆழமாக உண்டு.

கோடையில் கிணற்றில் தண்ணீர் 32 அடிக்குப் போய்விட்டது. மேலே வைத்த மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. ஒரு ஹெச்.பி.யை எடுத்துவிட்டு இரண்டு வைக்கலாமா?
— வாசகர், உச்சிப்புளி

பணத்தைச் செலவழிக்காதீர்கள் அண்ணே. மேலிருக்கும் மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை. அது பைப்புக்குள் இருக்கும் காற்றைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்றுத் தண்ணீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக் காற்றுதான் தண்ணீரை மேலே தள்ளி ஏற்றுகிறது. அந்தக் காற்றால் கடல்மட்டத்தில் தள்ள முடிவது 10.3 மீட்டர், அதாவது 34 அடி. அதுவும் பைப்பில் துளிக் காற்றும் இல்லை என்றால். உராய்வு, கசிவு எல்லாம் போக நடைமுறையில் 25 அடி கிடைத்தாலே நல்லது. பத்து ஹெச்.பி. வைத்தாலும் வெளிக் காற்று கூடப்போவதில்லை.

இதே சிக்கல் பிளாரன்ஸ் நகரத்தில் வந்துதான் டாரிசெல்லி 1643-இல் பாதரசத்தை வைத்துப் பார்க்கத் துணிந்தார். 13.6 மடங்கு கனமான பாதரசம் 76 செ.மீ.யில் நின்றது. பெருக்கிப் பாருங்கள், அதே 10.3 மீட்டர் வரும்.

மோட்டாரைக் கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்குங்கள், இல்லையென்றால் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுங்கள். அது அடியிலிருந்து தள்ளும், 34 அடி வரம்பு அதற்குக் கிடையாது. ஆனால் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவதற்கு முன் யோசியுங்கள். நம் பக்கத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும்.

செய்தியில் காற்றழுத்தத் தாழ்வு என்கிறார்கள். என் போனிலும் பாரோமீட்டர் இருக்கு. தினமும் மத்தியானத்துக்கு மேல எண் இறங்குது. பயந்து ஒரு நாள் தொழிலுக்கே போகலை. இதை வைத்துப் புயலைக் கண்டுபிடிக்கலாமா?
— மீனவ வாசகர், ராமேஸ்வரம்

தினமும் இறங்குவதற்குப் பயப்பட வேண்டாம். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களில் காற்றழுத்தம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு. இரவு 10-க்கு மறுபடி உச்சம், விடிகாலை 4-க்கு மறுபடி தாழ்வு. பகலில் காலைக்கும் மாலைக்கும் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு, hPa) வித்தியாசம் இருக்கும். வெயில் காய்கிற நல்ல நாளிலும் இது நடக்கும். ஆகவே காலை எண்ணோடு மாலை எண்ணை ஒப்பிடாதீர்கள். இன்று மாலை 4 மணியை நேற்று மாலை 4 மணியோடு ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்து 3, 4 குறைந்து, மேலும் குறைந்துகொண்டே போனால் அது சாதாரணம் இல்லை. இன்னொன்று, ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். 8 மீட்டர் உயரம் ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். மாடியில் பார்த்ததையும் கரையில் பார்த்ததையும் சேர்த்து எழுதினால் கணக்கு கெடும்.

செய்தியில் வரும் பெயர்கள் காற்றின் வேகத்தை வைத்து வருகின்றன. மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழே தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62-இலிருந்து புயல். நடுவில் அழுத்தம் எவ்வளவு குறைவோ, சுற்றியுள்ள காற்று அவ்வளவு வேகமாக அங்கே பாயப் பார்க்கும்.

கடல் ஏறுவதைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. அழுத்தம் குறைவதால் மட்டுமே அலை வீட்டைத் தாண்டி வரும் என்று நினைக்கிறார்கள். 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. ஏறும். 50 குறைந்தால்கூட அரை மீட்டர்தான். மீதி ஏற்றமெல்லாம் காற்று தள்ளிக் குவிக்கும் தண்ணீர், ஆழமில்லாத கடலில் அது இன்னும் உயரும். பாக் ஜலசந்தி ஆழம் குறைந்தது என்பது உங்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியையும், பாம்பனிலிருந்து போன ரயிலையும் கடல் கொண்டுபோனதை நினைத்தால், ஒரு போனின் எண்ணை நம்பி வத்தையை இறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. என் அப்பா பாம்பனில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் கடலைப் பார்ப்பார். நீங்களும் கூண்டையும் வானிலை மையத்தின் எச்சரிக்கையையும் முதலில் பாருங்கள். போன் எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பழகுங்கள். உங்கள் போனில் உள்ள எண்ணை ஒரு மாதம் காலை 10, மாலை 4 மணிக்கு எழுதி எனக்கு அனுப்பினால் அடுத்தடுத்த இதழில் அதை வரைபடமாகப் போடுவேன்.

கண்ணில் பிரஷர் 26 என்றார் கண் டாக்டர். எனக்கு பி.பி. நார்மல்தான். மாத்திரை வேண்டாம் என்று இருக்கலாமா?
— வாசகர், மண்டபம்

இருக்கக் கூடாது. இரண்டும் மி.மீ. பாதரசத்தில் சொல்லப்பட்டாலும் இரண்டும் வேறு. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல் தேங்கும்போது கண் பிரஷர் ஏறும். சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும். பி.பி. 120/80 இருக்கும் ஒருவருக்கும் கண் நரம்பு இதனால் மெல்ல மெல்லக் கெடலாம், வலியே இல்லாமல். போன பார்வை திரும்பி வராது. டாக்டர் சொட்டு மருந்து எழுதியிருந்தால் ஒரு வேளையும் தவறாமல் போடுங்கள். கண் நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதித்தாரா என்று கேளுங்கள். உங்கள் அண்ணன், தம்பி, அக்கா, தங்கைகளையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல்.